உடன் செல்லாத மனு

தொலைக்காட்சித் தொடர்கள் காணும் வழக்கம் எனக்கில்லை. மகள் வற்புறுத்தியதால், 2025 ஜூலையில் ஜீ5 தளத்தில் வெளியான ‘சட்டமும் நீதியும்’ தொடரின் ஏழு பகுதிகளையும் இஷாத் தொழுகைக்குப் பின் அமர்ந்து கண்டேன். மகளைக் காணவில்லை என்ற புகாரைக் காவல் நிலையம் ஏற்காததால், தந்தையொருவர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளிக்கிறார். நோட்டரி வேலையோடு ஒதுங்கியிருந்த வழக்கறிஞர் சுந்தரமூர்த்தி அவருக்காக எழுகிறார். அவராக நடித்த சரவணனின் முகத்தில் தெரிந்த தயக்கம் என்னைச் சுட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கி வந்த முதியவர் ஒருவர், பேத்தியைக் காணவில்லையென்று மனு எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மனுவோடு திரும்பி வந்தார்.

“வாங்க மாட்டேங்கிறாங்க ஐயா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பாடவேளை என்றேன். பாடம் முடிந்த பின்னும் நான் போகவில்லை. அவர் மீண்டும் வரவேயில்லை.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் காவல்துறை பதிவு செய்தே ஆகவேண்டுமென 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கும் கடத்தப்பட்ட சிறுமி ஒருத்தியைப் பற்றியதே. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன் பின்னர் நீதித்துறை நடுவரை நாடலாம். வழி இருக்கிறது. ஏழைக்கு வேண்டியது அவ்வழியில் கூட நடக்கும் ஓர் ஆள்.

சாட்சியை அரபியில் ‘ஷாஹித்’ என்பர். உடனிருந்தவன் என்பது அதன் வேர்ப்பொருள். மாணவர்க்கு ஆண்டுதோறும் இதைச் சொல்கிறேன். அன்று நான் எழுதினேன், உடனிருக்கவில்லை.