நிற்கத் தெரிந்த இயந்திரம்

ஒரு இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதற்கான பிஎல்சி (இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி) நிரலை, கொஞ்சம் பழகிய யாரும் ஒரே நாளில் எழுதிவிடலாம். கிளாம்ப் இறங்க வேண்டும், ராம் முன்னே போக வேண்டும், அழுத்த வேண்டும், திரும்ப வேண்டும், கிளாம்ப் திறக்க வேண்டும். காகிதத்தில் அரைப் பக்கம். நிரல் எழுதுபவனின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இந்த வரிசையின் நடுவில் எங்கே எது தடைபட்டாலும் இயந்திரம் எப்படி நிற்கும்? நின்றது மறுபடி எப்படிக் கிளம்பும்? என் நிரல்களில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்காக எழுதியதுதான்.

ஸ்டாப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பேனலில் ஸ்டார்ட் பட்டனை என்ஓவாகவும் (தொடாதபோது திறந்திருப்பது) ஸ்டாப் பட்டனை என்சியாகவும் (தொடாதபோது மூடியிருப்பது) ஒயர் செய்திருப்போம். என்சி என்பதால், யாரும் தொடாதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். எனவே லேடரில், அதாவது ரிலே படம் போல வரையும் நிரலில், ஸ்டாப்பை என்ஓ காண்டாக்டாகப் போட வேண்டும். “ஸ்டாப்புக்கு எதற்கு சார் என்ஓ?” என்று கேட்காத ஆளில்லை. பட்டனை அழுத்தினால் 24 வோல்ட் போகிறது, லேடரின் அந்த வரி, அதாவது ரங், அறுபடுகிறது, காயில் விழுகிறது. எலி ஒயரைக் கடித்தாலும், அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்தாலும் அதே 24 வோல்ட் போகிறது, அதே ரங் அறுபடுகிறது. மாற்றி ஒயர் செய்திருந்தால், ஒயர் அறுந்த செய்தி, யாரோ ஒருவர் அவசரமாக ஸ்டாப்பை அழுத்தும் அந்த நொடியில்தான் தெரியவரும். பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள் 0-வில் தொடங்காமல் 4 மில்லி ஆம்பியரில் தொடங்கி 20 வரை போவதிலும் இதே நியாயம் இருக்கிறது. அழுத்தம் பூஜ்யம் என்றால் 4. ஒயர் அறுந்தால் 0. இரண்டையும் பிஎல்சியால் பிரித்தறிய முடிகிறது.

எமர்ஜென்சி பட்டன் ஸ்டாப்புக்கும் மேலே. அதைச் சாதாரண பிஎல்சியின் நிரலை மட்டும் நம்பி விடக் கூடாது. சேஃப்டி ரிலே வழியாக அவுட்புட்டுகளுக்கான சப்ளையையே அது வெட்ட வேண்டும். நிரலுக்குத் தகவல் வந்தால் போதும். இதில் செலவு பார்க்கும் முதலாளிகளிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பிஎல்சிக்கே நிற்கத் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்புட்டுகளைப் படிப்பது, நிரலை மேலிருந்து கீழாக ஓட்டுவது, அவுட்புட்டுகளை எழுதுவது என்று அது ஓயாமல் சுற்றுகிறது. சாதாரணமாக ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். குறித்த கெடுவுக்குள் சுற்று முடியாவிட்டால் வாட்ச்டாக் அதை நிறுத்திவிடும். சீமென்ஸ் எஸ்7-300-இல் வரும்போதே வைத்திருக்கும் கெடு 150 மில்லி விநாடி. மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என்-இல் 200. நின்றதும் அவுட்புட்டுகள் விழும். விழுந்தால் வால்வுகள் என்ன செய்யும் என்பதை நிரல் எழுதுபவன் ஹைட்ராலிக், நியூமேட்டிக் படங்களைப் பார்த்துத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். லேப்டாப்பில் மட்டும் கண் வைத்திருப்பவனுக்கு இந்தத் தொழில் வராது.

கோயம்புத்தூர் பக்கம் அடிக்கடி வரும் ஒரு வேலையைச் சொல்கிறேன்: பம்ப் மோட்டாரின் ரோட்டார் ஷாஃப்டில் பேரிங் அழுத்தும் எஸ்பிஎம், அதாவது அந்த ஒரு வேலைக்கென்றே கட்டிய இயந்திரம். கிளாம்ப் காற்றில் இயங்கும், ராம் ஹைட்ராலிக். ராமின் வால்வு ஸ்பிரிங் சென்டர் வகை, இரண்டு காயிலும் விழுந்தால் நடுவுக்கு வந்துவிடும். ராம் நின்ற இடத்தில் நிற்கும். கிளாம்புக்குச் சிங்கிள் சோலினாய்டு வால்வு போட்டிருந்தால், கரண்ட் போனதும் ஸ்பிரிங் அதைத் தள்ளிவிடும். பேரிங் பாதி ஏறிய நிலையில், ராம் இன்னும் தொட்டுக்கொண்டிருக்க, கிளாம்ப் திறக்கும். அதனால்தான் அங்கே டபுள் சோலினாய்டு. கடைசியாக எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கமே அது நிற்கும்.

இப்போது கரண்ட் திரும்பி வருகிறது. 2012 வாக்கில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த நாட்களில் இதை யோசிக்காத நிரல் ஒரு ஷிஃப்டுகூடத் தாங்கியிருக்காது. ஸ்டெப் எண்ணைக் கரண்ட் போனாலும் அழியாத லாட்ச் மெமரியில் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்று தோன்றும். நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் ஆபரேட்டர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். ஜாபைக் கையால் உருவி எடுத்திருப்பார், ஹெல்ப்பர் காற்று லைனை மூடியிருப்பார், ஃபிட்டர் வந்து ஃபிக்சரைக் கழற்றிப் பார்த்திருப்பார். பிஎல்சிக்கு நினைவிருப்பது பழைய இயந்திரம். எதிரே நிற்பது வேறு இயந்திரம். எனவே கரண்ட் வந்ததும் ஸ்டெப் பூஜ்யம், ஆட்டோ ஆஃப். சென்சார்கள் சொல்வதை மட்டும் நம்பி, முதலில் ராம் பின்னே வர வேண்டும். ராம் பின்னே வந்த சென்சார் எரிந்தால்தான் கிளாம்பைத் திறக்க அனுமதி, மேனுவலிலும் அப்படித்தான்.

ஆனால் சென்சார் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஃபிக்சரில் ஜாப் இருப்பதைச் சென்சார் காட்டும். அதன் பேரிங் பாதியில் நின்றதா, முழுக்க ஏறியதா என்று காட்டாது. அந்த ஒரு செய்தியை மட்டும் லாட்ச் மெமரியில் வைப்பேன்: அழுத்தத் தொடங்கியது, முடியவில்லை. அந்த பிட் இருக்கும்வரை ஸ்கிரீனில் ‘சந்தேக ஜாப்’ என்று நிற்கும், குவாலிட்டிக்காரர் சாவி போட்டால்தான் அழியும். எதைக் கண்ணால் பார்க்க முடியுமோ அதை நினைவில் வைக்காதே, பார்க்க முடியாததை மட்டும் வை என்றுதான் என்னிடம் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன்.

இன்னொரு தொல்லை, சென்சாரை ஷார்ட் செய்வது. ரீட் சுவிட்ச் கெட்டுவிட்டது, ஸ்டோரில் ஸ்பேர் இல்லை, காலைக்குள் எண்ணிக்கை முடிய வேண்டும். எலக்ட்ரீஷியன் ஒரு துண்டு ஒயரை வைத்து 24 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடுவார். அவரைக் கோபித்துப் பயனில்லை. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார். நிரல்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாப் சென்சார் இரண்டு ஜாபுகளுக்கு நடுவே ஒருமுறையாவது அணைந்தால்தான் அடுத்த ஸ்டார்ட் எடுக்கும். கிளாம்பின் மேல், கீழ் சென்சார்கள் இரண்டும் ஒன்றாக எரிந்தால் அலாரம். ராமை ஓட்ட இரு கைகளாலும் அழுத்தும் பட்டன்களுக்கும் இதே கணக்கு. இரண்டும் அரை விநாடிக்குள் அழுந்த வேண்டும், இரண்டையும் விட்டபின்தான் அடுத்த ஸ்ட்ரோக். ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு மற்றதை மட்டும் அழுத்தினால் ராம் நகராது. கை போகிற விஷயம் என்பதால் இதையும் சேஃப்டி ரிலேவிடமே கொடுத்துவிடுவேன்.

நின்ற இயந்திரத்தைக் கிளப்பப்போவது நானல்ல, ஷிஃப்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன். இரவு இரண்டு மணிக்கு போன் வரும்: “ஆட்டோ எடுக்கலீங்க சார், அலாரமும் ஒண்ணும் காட்டலீங்க.” இயந்திரம் நின்றதற்குக் காரணம் சொல்லவில்லை என்றால் நிரல் முடியவில்லை என்றே அர்த்தம். ‘சைக்கிள் ஃபால்ட்’ என்று பொதுவாகப் போட்டால் யாருக்கும் உதவாது. ‘கிளாம்ப் மேலே ரீட் சுவிட்ச் எக்ஸ்12 வரவில்லை’ என்று தமிழில் போடுவேன். ஒடிசா, பீகார் தம்பிகள் ஓட்டும் இயந்திரம் என்றால் இந்தியிலும்.

லேடரை நான் விடாமல் பிடித்திருப்பதும் அந்த எலக்ட்ரீஷியனுக்காகவே. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968-இல் ரிலே பேனல்களுக்கு மாற்றுக் கேட்டபோது, டிக் மோர்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவும் மோடிகான் 084 என்ற பிஎல்சியைக் கொண்டுவந்தார்கள். அந்த நிறுவனத்தின் 84-ஆவது வேலை என்பதால் அந்த எண். ரிலே படம் படிக்கத் தெரிந்தவர் லேடரையும் படித்துவிடுவார் என்ற எண்ணம் இன்றும் பொய்க்கவில்லை. ஐஇசி 61131-3 தரநிலை 1993-இல் ஐந்து மொழிகளை வகுத்தது. கணக்குகளுக்கு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் அருமையான மொழி, நானும் அதில்தான் எழுதுகிறேன். இன்டர்லாக்குகள் மட்டும் லேடரில் இருக்க வேண்டும். ஆன்லைன் போனதும் எந்தக் காண்டாக்ட் வரைக்கும் நிறம் வந்திருக்கிறது, எதில் நின்றிருக்கிறது என்று ஐடிஐ படித்தவர் விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

இயந்திரத்தை ஒப்படைக்கும் முன் ஒரு அரைநாள் கேட்டு வாங்குவேன். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மெயினை ஆஃப் செய்வது, காற்றை மூடுவது, ஒரு சென்சார் ஒயரைக் கழற்றுவது, பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்து ஆபரேட்டர் எப்படி மீட்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது. “நல்லாத்தானே ஓடுதுங்க, லாரி வெளியே நிக்குது” என்பார்கள். லாரி நிற்கட்டும் என்பேன்.