ஏன் என்னும் வினா

தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால், 'யார் தவறு?' என்னும் வினாவே முதலில் எழுகின்றது. ஒருவர் பெயர் கிடைத்ததும் மனம் அமைதி அடைகின்றது; விசாரணையும் முடிந்துவிடுகின்றது. ஆனால், வயலில் கோரையின் தலையை மட்டும் கொய்தால், மண்ணுள் இருக்கும் கிழங்கு அழியுமோ? மீண்டும் முளைக்கும் அன்றோ? விபத்தும் அத்தகையதே.

நூற்பாலை ஒன்றில் விபத்துகளை ஆராயும் குழுவில் நான் பணியாற்றியதுண்டு. ஒருநாள் இரவு, தொழிலாளி ஒருவர் ஓடும் இயந்திரத்தில் அடைத்த பஞ்சை நீக்க முயன்று இரண்டு விரல்களை இழந்தார். 'கவனக்குறைவு' என்று மேற்பார்வையாளர் அறிக்கை எழுதினார். அது பொய்யன்று, ஆயினும், முழு உண்மையும் அன்று.

வேலை போய்விடுமோ என்று அஞ்சிய அத்தொழிலாளி முதலில் வாய் திறக்கவில்லை. தண்டனை இல்லை என்று உறுதி கூறிய பின்னரே பேசினார். இயந்திரத்தை ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் நூல் குறையும். நூல் குறைந்தால் கூலி குறையும். பஞ்சு ஏன் அடிக்கடி அடைத்தது? தூசியை உறிஞ்சும் விசிறி பழுதுற்று மூன்று மாதங்கள் ஆகியும் எவரும் அதைச் சீர்செய்யவில்லை. அவரை வேலையினின்று நீக்கியிருந்தால், அதே பஞ்சை நீக்க மற்றொருவர் கை நீட்டியிருப்பார். விசிறி சீராயிற்று, துப்புரவு நேரத்திற்கும் கூலி கணக்கிடப்பட்டது.

இவ்வுண்மையை உலகிற்குப் பேரளவில் உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், நியூயார்க் நகரில் ட்ரையாங்கிள் என்னும் ஆடை ஆலையில் தீப்பற்றியது. 146 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அணையாத சிகரெட்டோ தீக்குச்சியோ துணிக்கழிவில் விழுந்திருக்கலாம் என்று கருதினர். ஆனால், ஒரு சிறு நெருப்பு இத்தனை உயிர்களைக் கொண்டது ஏன்? ஒன்பதாம் தளத்தின் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப்படி பாரம் தாங்காது சரிந்தது. ஆலை எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இருந்தது. தீயணைப்போர் ஏணியோ ஆறாம் தளம் வரையே எட்டியது.

வழக்கு மன்றத்தில் ஆலை உரிமையாளர் இருவரும் விடுதலை பெற்றனர். 'யார்?' என்னும் வினா அங்கே ஓய்ந்தது. எனினும், அவ்வாண்டே அமைந்த மாநில விசாரணைக் குழு 'ஏன்?' என்று வினவியது. ஆலைதோறும் சென்று ஆராய்ந்தது. அதன் பயனாக, தீ நேர்ந்தால் வெளியேறும் பயிற்சி வேண்டும் என்பது போன்ற சட்டங்கள் அம்மாநிலத்தில் பிறந்தன.

தவறு செய்தவர்க்குப் பொறுப்பில்லை என்பது என் கருத்தன்று. பொறுப்பை வரையறுத்தல் வேண்டும். அத்துடன் அமைதல் ஆகாது. 'யார்?' என்பது கடந்த நாளை நோக்கும் வினா, 'ஏன்?' என்பதோ நாளை அவ்விடத்தில் நிற்கப்போகும் மனிதரைக் காக்கும் வினா.