நீலக் கலர் தீபாவளி

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் எனக்கு ஆபீஸில் இருப்புக் கொள்ளாது. இந்த முறையும் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்துவிட்டேன். ஐந்தருவியில் ஆசை தீரத் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு தென்காசியில் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனேன். அக்கா அங்கே ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ரிட்டயராக இன்னும் ஐந்து வருஷம்.

காபியை வைத்துவிட்டு, "ஏல, தீபாவளிக்குக் குரூப்ல ஒரு படம் அனுப்பிச்சியே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

உங்களுக்கும் வந்திருக்கும். கறுப்பில் இந்திய வரைபடம். அதன் மேல் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று புள்ளி புள்ளியாக வெளிச்சம். 'தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்' என்று கீழே ஒரு வரி. நானும் பெருமையாகத் தட்டிவிட்டேன். தம்பி பத்திரிகைக்காரன், தப்பாகவா அனுப்புவான் என்று அக்கா அதை ஸ்மார்ட் போர்டில் போட்டு வகுப்பே எடுத்துவிட்டாள்.

நடுபெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறாள். "டீச்சர், எங்க தெருவுல யாரும் நீலக் கலர்ல விளக்கு ஏத்தலையே?"

வகுப்பே சிரித்தது. "ஒக்காரு, ஒக்காரு. அதிகப்பிரசங்கி" என்று அக்கா அடக்கிவிட்டாள்.

"அதோட அந்தப் புள்ள வாயே தொறக்கலடே. ஒரு வாரம். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் போச்சு."

அதன் பிறகு அக்கா தேட உட்கார்ந்தாள். முதல் பத்து பக்கமும் படம் நிஜம் என்றே சொன்னதாம். நிம்மதியாகப் பள்ளியில் சொன்னபோது, கூட வேலை பார்க்கும் சின்ன வயசு டீச்சர் பத்தையும் படித்துவிட்டு, "வரிக்கு வரி ஒண்ணா இருக்கு பாருங்க. இது பத்துப் பேர் இல்ல டீச்சர், ஒரே ஆளு பத்து இடத்துல" என்றாராம்.

பி.காம். படித்தவனுக்கு இது சுருக்கென்று தைக்க வேண்டாமா? ஆடிட்டிங் பாடத்தில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதானே! லெட்ஜரில் எழுதியிருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. வவுச்சரைக் கேள். கம்பெனி காட்டும் பேங்க் பாலன்ஸை நம்பாதே, பேங்க்குக்கே எழுதிக் கேள். ஒரே பில்லின் பத்து கார்பன் காப்பி, பத்து பில் ஆகாது. இதையெல்லாம் எழுதி பாஸ் செய்தவன்தான் அந்தப் படத்தை அனுப்பினேன்.

பேங்க்குக்கே எழுதிக் கேட்பது போல, அக்கா அந்தப் படத்தையே தேடுபொறியில் போட்டுத் தேடி, கடைசியில் நாசாவின் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தாள். 2012-லேயே அவர்கள் மறுத்திருக்கிறார்கள். அது ஒரு இரவின் படமே இல்லை. அமெரிக்க ராணுவ வானிலை செயற்கைக்கோள்கள் பல வருஷம் எடுத்த தகவல்களைச் சேர்த்து, 2003-ல் கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி செய்தது. 1992-க்கு முன்பே இருந்த வெளிச்சம் வெள்ளை. 1992-ல் வந்தது நீலம், 1998-ல் வந்தது பச்சை, 2003-ல் வந்தது சிவப்பு. நம் ஊர்கள் பெருகிய கதை அது. தீபாவளி விளக்குகள் கூட்டும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அளவு சொற்பமாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. சரித்திரப் பேராசிரியர்கள் பத்துப் பேர், கல்லூரி மாணவர்கள் இருபத்தைந்து பேர், பத்திரிகைகளில் செய்தி சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரை உட்காரவைத்து, இணையப் பக்கங்களைத் தந்தார்கள். படித்தவர்கள் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியே வந்து, 'இந்த ஆள் யார்? இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று தேடினார்கள். பொண்ணு பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதேதான்.

அக்கா இப்போது அதையே வகுப்பில் விளையாட்டாக வைத்திருக்கிறாள். செங்கோட்டை எந்த மாவட்டம்? ஒருவன் திருநெல்வேலி என்று கொண்டுவந்தான். ஒருத்தி தென்காசி என்றாள். இன்னொருவன் அது திருவிதாங்கூராக்கும் என்றான். மூன்றும் சரிதான், தேதிதான் வேறு. 1956 வரை கேரளப் பக்கம், பிறகு நெல்லை, 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். "தேதி பாக்காமப் படிக்காதீங்கலே" என்பது இப்போது அக்காவின் தாரக மந்திரம். ஏ.ஐ. சொன்னது என்று யாராவது வந்தாலும் விடுவதில்லை. "சரி, அதுக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணு என்னாச்சுக்கா?"

"மறுநாளே வகுப்புல நின்னு, நான் சொன்னது தப்பு, அவ கேட்டதுதான் சரின்னு சொல்லிட்டேன். முப்பது வருஷ சர்வீஸ்ல மொதத் தடவ. கை நடுங்கிச்சு."

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? 'அப்ப டீச்சர், பாடப் புஸ்தகத்துல இருக்கறத யாரு செக் பண்ணுவா?'ன்னு கேட்டா. வாய் தொறந்துட்டால்லா, அது போதும்."

சாயங்காலம் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். சிதைந்து கிடந்த ராஜகோபுரத்தைப் புதிதாக எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் ஒன்று சொல்லியிருக்கிறான். பின்னாளில் இதில் குறை நேர்ந்து, அதைத் திருத்துகிறவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுகிறேன் என்று. ராஜாவே அப்படி! டீச்சருக்கும் பத்திரிகைக்காரனுக்கும் என்ன கௌரவம்?

பிரகாரத்தில் உட்கார்ந்தே குடும்பக் குரூப்பில், 'நான் அனுப்பிய தீபாவளிப் படம் தப்பு, மன்னிக்கவும்' என்று விவரமாக எழுதினேன்.

இரண்டு நிமிஷத்தில் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது. 'சரிப்பா. அந்தப் படத்த இன்னொரு தடவ அனுப்பு, நான் டெலிட் பண்ணிட்டேன்.'