மூத்தவர்கள்

போன வருஷம் லண்டனில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு மழை நாள், மாலை நாலு மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. திறந்தால், வெள்ளைச் சட்டையும் டையுமாக, தலை நனைந்து, இரண்டு பையன்கள். சட்டைப் பையில் ‘எல்டர்’ என்று பெயர்ப் பலகை. எல்டர் என்றால் மூத்தவர். மூத்தவருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை!

மார்மன் சபையின் ஊழியர்கள். "மதம் மாறுகிற உத்தேசம் எனக்கில்லை, நனையாமல் உள்ளே வாருங்கள்" என்றேன். என் மனைவி காப்பி கொண்டு வந்தாள். காப்பி, தேநீர் இரண்டும் அவர்களுக்கு விலக்காம். மோர் கொடுத்தாள்.

2012 முதல் 18 வயதிலேயே பையன்கள் இந்த ஊழியத்துக்குப் போகலாம். இரண்டு வருஷம், சம்பளம் கிடையாது, எங்கே போனாலும் ஜோடியாகத்தான்.

"இன்று எத்தனை கதவு திறந்தது?"

"இதுதான் முதல்" என்றான் இளையவன்.

முன்பெல்லாம் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது வருஷத்துக்கு இரண்டே தடவை. 2019 முதல் வாரந்தோறும் பேசலாம்.

"அம்மாவிடம் என்ன சொல்வாய்?"

"இங்கே எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள் என்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மகனும் ஞாயிறுதோறும் இதையேதான் சொன்னான். நானும் நம்பினேன்.

அன்றிரவு அவனிடம், "ஆரம்பத்தில் இங்கே ரொம்பக் கஷ்டப்பட்டாயா?" என்று கேட்டேன்.

பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக் கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இப்போதுதானே கேட்கிறீர்கள், அப்பா!"