காணாமற்போனதும் அணுக முடியாததும்

மடல்களைத் திறக்க முற்படுகையில், 'சுயவிவரத்தை ஏற்ற இயலவில்லை; அது காணாமற்போயிருக்கலாம், அல்லது அணுக முடியாததாயிருக்கலாம்' என்ற பொருளில் தண்டர்பேர்ட் ஓர் அறிவிப்பைக் காட்டுவதுண்டு. பலரும் முற்பாதியை வாசித்த மாத்திரத்தில் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டிவிடுகின்றனர். பிற்பாதிதான் முக்கியமானது.

ஓசூர் சிப்காட் ஆலையொன்றில் பணிபுரிந்த நண்பர் ஒருவர், ஓய்வு நாள்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களையும் மல்லசந்திரத்துக் கல்திட்டைகளையும் தேடி அலைந்தவர். கண்டவற்றை 2005 முதல் எங்கள் வாசகர் வட்டத்துக்கு மடல்களாக எழுதிவந்தார். அனுப்பியவை எங்களிடம் உள்ளன. ஐயம் தீராமல் வரைவுகளாகவே நிறுத்திவைத்தவை அவருடைய கணிப்பொறியில் மட்டுமே இருந்தன. அவர் மறைந்தபின், பழுதான அக்கணிப்பொறியின் வன்தட்டை அண்ணியார் எங்களிடம் ஒப்படைத்தார். வேறொரு கணிப்பொறியில் இணைத்தபோது வந்ததுதான் மேற்சொன்ன அறிவிப்பு.

இத்தகைய வேளைகளில் முதலில் ஐயுறப்படுவது பேரன்ட்.லாக் என்னும் பூட்டுக்கோப்பு. மின்வெட்டில் நிரலி பாதியில் நின்றால் அது எஞ்சிவிடுவதுண்டு. ஆனால் அப்போது வரும் செய்தி வேறு: நிரலி ஏற்கெனவே இயங்குகிறது என்று சொல்லும். எங்கள் வழக்கிலோ உறையே திறக்க மறுத்தது.

காரணம் இதுதான். விண்டோஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் நினைவில் கொள்வதில்லை. கணக்கு உருவான அன்று பிறந்த நீண்ட எண்ணொன்றால் நினைவில் கொள்கிறது. அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாலும் எண் வேறாகிவிடும். உறையின் பாதுகாப்புப் பக்கத்தில் உரிமையாளர் என்ற இடத்தில், 'அறியப்படாத கணக்கு' என்றும் அருகே அந்த எண்ணும் இருந்தன. (அதைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் எவரும் பேசவில்லை.)

வட்டு முழுவதையும் முதலில் படியெடுத்தோம். நகலின் மேல்தான் கை வைத்தோம். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, உரிமையை எங்கள் கணக்குக்கு மாற்றி, உள்ளுறைகளுக்கும் அது செல்லுமாறு குறித்து, படிக்கும் அனுமதியைச் சேர்த்தோம். உறை திறந்தது. மறையாக்கம் செய்யப்படாத வட்டெனில் லினக்சு குறுவட்டிலிருந்து இயக்கியும் படித்துவிடலாம். இது பெட்டகமன்று, வாயிற்காவல் மட்டுமே.

பழைய சுயவிவரத்தை அப்படியே புதிய பதிப்பில் ஏற்றுவதைத் தவிர்த்தோம். தண்டர்பேர்ட் ஒவ்வொரு மடலுறையையும், மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் ஒரே உரைக்கோப்பாக வைப்பது அதன் பழைய வழக்கம். நீட்சியில்லாத 'டிராஃப்ட்ஸ்' என்னும் அக்கோப்பை மட்டும் புதிய சுயவிவரத்தின் உள்ளூர் உறைகளுக்குள் இட்டால் போதும். எம்எஸ்எஃப் நீட்சியுடைய துணைக்கோப்பு வெறும் பொருளடக்கம். விட்டுவிட்டால் நிரலியே புதிதாக எழுதிக்கொள்ளும். முற்பட்ட சில மடல்கள் திஸ்கி எழுத்துருவில் இருந்தமையால் கிறுக்கலாகத் தெரிந்தன. ஒருங்குறிக்கு மாற்றியதும் தமிழாயின.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. இடத்தை மிச்சப்படுத்த உறைகளைச் சுருக்கலாமா என்று நிரலி கேட்கும், அதற்கு இசையவில்லை. நீக்கிய மடல் கோப்பிலிருந்து உடனே அகல்வதில்லை, நீக்கப்பட்டதென்ற குறியுடன் சுருக்கப்படும்வரை அங்கேயே கிடக்கும். வரைவைத் திருத்திச் சேமிக்குந்தோறும் முந்தைய வடிவமும் அவ்வாறே நின்றுவிடுகிறது. நண்பர் ஒருபோதும் சுருக்கியதில்லை போலும்!

கோப்பை வெறும் உரைதொகுப்பியில் திறந்தோம். நிரலி ஒரே வரைவாகக் காட்டிய மடல், அங்கே ஏழு முறை இருந்தது. நடுகல்லொன்றின் இரண்டாம் வரியை அவர் முதலில் வீரனின் பெயரென்று படித்திருக்கிறார். மூன்றாம் வடிவத்தில் அது ஊர்ப்பெயர். ஐந்தாவதில், இது கன்னடச் சொல்லாயிருக்குமோ என்று கேட்டு, எல்லைக்கு அப்பாலுள்ள எவரையேனும் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஏழாவதில் அந்த வரியே இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. ஏழையும் தனித்தனியே தாளில் அச்சிட்டு அண்ணியாரிடம் கொடுத்திருக்கிறோம்.