நம்ம எம்.பி.

அப்பா கடைசிவரைக்கும் எல். இளையபெருமாளை "நம்ம எம்.பி." என்றுதான் சொன்னார். அவர் எம்.பி.யாக இருந்தது 1952இலிருந்து 1967வரை, மூன்று முறை. அப்புறம் 1980இல் எழும்பூரில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். காங்கிரசை விட்டு வெளியே வந்து இந்திய மனித உரிமைக் கட்சி என்று தனிக்கட்சி கண்டார். 2005இல் காலமானார். அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. "அவரு எம்.பி.யா இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சேப்பா" என்றால், "அதுக்கப்புறம் வேற எவன்டா நமக்கு எம்.பி.யா இருந்தான்?" என்று திருப்பிக் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிப் புத்தகங்கள் கைக்கு வர ஆரம்பித்த காலம். பூனா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் பேசிக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். தனித்தொகுதியில் நிற்பவன் நம்ம ஆள், ஓட்டுப் போடுவது ஊரே. சேரி மொத்தமும் ஒருத்தனுக்குப் போட்டாலும் ஆண்டைமார்களுக்குப் பிடிக்காதவன் தேற முடியாது. இளையபெருமாள் முதலில் ஜெயித்த 1952இலும் 1957இலும் இரட்டை உறுப்பினர் தொகுதி முறை இருந்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர், அதில் ஒரு இடம் நமக்கு. 1961இல்தான் அதை எடுத்தார்கள். எந்த முறையானாலும் நம்மாள் ஊர்த்தெருவின் தயவில்தான் டெல்லிக்கு ரயில் ஏற வேண்டும். அப்படிப் போனவர், அதுவும் காங்கிரசில் போனவர், என்னத்தைக் கிழித்திருக்க முடியும்? "அரிசனத் தலைவர்" என்று நக்கலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டோம்.

அப்பா சொன்ன கதைகளை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

என் தாத்தா சாவுக்கு மோளம் அடித்தவர். ஊர்த்தெருவில் யார் செத்தாலும் சொல்லி அனுப்புவார்கள், போக வேண்டும். காய்ச்சல், மழை, பெண்டாட்டிக்குப் பிள்ளைப்பேறு, எதுவும் காரணம் ஆகாது. நாற்பதுகளில் காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரிகளில் ஒரு இளைஞர் வந்து, இனிமேல் பறையடிக்காதீங்க, இது உங்க தலையெழுத்து இல்ல என்று பேசிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த தண்ணிப் பானையைத் திரும்பத் திரும்ப உடைத்து, கடைசியில் அந்தத் தனிப்பானையே இல்லாமல் செய்த பையன் அவர் என்று தாத்தாவுக்கு முன்பே தெரியும். தாத்தா அடுத்த சாவுக்குப் போகவில்லை. அந்த அறுப்புக்கு எங்கள் குடும்பத்தில் ஒருத்தரையும் வயலில் இறங்க விடவில்லை. நத்தையும் நண்டும் பொறுக்கித் தின்றோம் என்று ஆயா சொல்லும். அதைச் சொல்லும்போது ஆயா அழுததில்லை. சிரிக்கும்.

இந்தப் பேச்சைப் பேசியவர்தான் பிறகு நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார்.

1964இல் அப்பாவுக்கு நடந்தது வேறு. ரோட்டோர டீக்கடை ஒன்றில் நம்மாட்களுக்குத் தனிக் கிளாஸ். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து நல்ல கிளாசில் டீ கேட்டார். அடிதான் கிடைத்தது. யாரோ எழுதிக் கொடுக்க, 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. சேரியே ஏதோ திருவிழா மாதிரி கோர்ட்டுக்குக் கிளம்பியது. அங்கே போனபிறகுதான் தெரிந்தது, அந்தச் சட்டத்தில் ராஜி செய்துகொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஆண்டை அப்பாவைக் கூப்பிட்டு "வேலை வேணுமா, கேஸ் வேணுமா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அப்பா கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு நான் போட்ட முதல் பெரிய கையெழுத்து அதுதான் என்பார்.

பல வருஷம் கழித்து, சென்னையில் ஒரு நூலகத்தில் இளையபெருமாள் குழுவின் அறிக்கை என் கையில் கிடைத்தது. தீண்டாமை பற்றியும், தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதாரம் பற்றியும் ஆராய 1965இல் மத்திய அரசு அவரைத் தலைவராக வைத்துப் போட்ட குழு. 1967இல் எம்.பி. பதவி முடிந்துவிட்டது. வேலையை அவர் விடவில்லை. நாடு பூராவும் சுற்றி 1969 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். வெண்மணியில் 44 பேரை எரித்து அப்போது இரண்டு மாசம்கூட ஆகவில்லை. தடிமனான இங்கிலீஷ் புத்தகம். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு படித்தேன். கிணறு, டீக்கடை, முடிதிருத்தகம், கோயில், சம்பளமில்லா வேலை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து பேசியதை யாரோ சர்க்கார் பாஷையில் எழுதிவிட்ட மாதிரி இருந்தது. இருக்கிற சட்டம் பல்லில்லாத சட்டம் என்பதும் அதில் வருகிறது.

அதற்கும் ஏழு வருஷம் போனது. 1976இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். ராஜி போய்விட்டது. அதுவரை அபராதத்தோடு விட்டுவிடலாம் என்றிருந்ததை மாற்றி, குறைந்தது ஒரு மாசமாவது சிறை என்று எழுதினார்கள். அப்பாவின் கையெழுத்து அந்த ராஜிக்குத்தான். நூலகத்தில் உட்கார்ந்து நான் நினைத்தது, இந்த மனுசனுக்கு அப்பாவைத் தெரியாது, ஆனால் அப்பாவின் கேஸ் தெரிந்திருக்கிறது.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. தமிழ்நாட்டில் 1970இல் கொண்டுவந்த அறநிலையச் சட்டத் திருத்தத்துக்கு அதுவும் ஒரு ஆதாரம். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது, ஆகமத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தது. இந்தத் திருத்தத்தைப் பேசுகிறவர்கள் பெரியாரைச் சொல்வார்கள், கலைஞரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். காட்டுமன்னார்கோயில்காரர் பேரை மேடையில் நான் கேட்டது ரொம்பக் குறைவு.

அதற்காக எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று இல்லை. அறிக்கையை வாங்கி அலமாரியில் வைத்ததும் அவர் கட்சியின் ஆட்சிதான். அந்தக் கட்சியில் அவர் அவ்வளவு காலம் இருந்திருக்க வேண்டியதில்லை என்பது இன்றைக்கும் என் எண்ணம். அப்பாவிடம் சொன்னேன். "வெளிய இருந்து நீ என்ன எழுதி வாங்கின?" என்றார்.

எங்களுக்குள் பெரிய சண்டை பறையால் வந்தது. 90களில் கலைவிழா மேடைகளில் பறையை நாங்கள் எடுத்தோம். இது இழிவில்லை, நம் இசை, நம் ஆயுதம் என்று அடித்தோம். நானும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். ராத்திரி திரும்பி வந்து, "ஒங்க தாத்தன் பட்டினி கெடந்து எறக்கி வச்சதுடா அது" என்றார். மேடையில் பேசும் எல்லா நியாயமும் என்னிடம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

2011இல் அப்பா இறந்தார். மோளம் அடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். விசயம் தெரியாமல் எங்கள் குழுத் தோழர்கள் எட்டுப் பேர் பறையோடு வேனில் வந்து இறங்கினார்கள், மரியாதை செய்ய. தெருமுனையிலேயே போய் மறித்தேன். ஏன் என்று ஒருத்தன் கேட்டான். பிறகு சொல்றேன் என்றேன். பறைகளை வேனிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அவர்களில் நான்கு பேர் பாடை தூக்கினார்கள்.