சீர்த்தட்டு

மதுரையில் மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், குறுகலான மாடிப்படி ஏறிப்போனால் வரும் நீண்ட கூடத்தில், கல்யாண வீடுகளுக்குச் சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுக்கும் பெண்கள் சிலர் தொழில் நடத்துகிறார்கள் என்று நண்பர் சொல்லக் கேட்டு, வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்திய ஒரு காலைப்பொழுதில் அங்கே போனேன். ஜிகினாத் தாளும் சாட்டின் நாடாவும் கண்ணாடித் தாளும் நடுவே குவிந்து கிடக்க, பாயில் வட்டமாக அமர்ந்திருந்தவர்கள் தலை நிமிரவில்லை. மறுநாள் நிச்சயதார்த்தம் ஒன்றுக்கு 21 தட்டுகள் போயாக வேண்டும். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் அமைவதே சம்பிரதாயம். ஆகையால் நேரமில்லை என்று ஒன்றைக் குறைத்துவிடவும் வழியில்லை.

இந்தத் தொழிலின் சிரமம் முழுவதும் பொருள்களின் வடிவ பேதத்தில் இருக்கிறது. புடவையும் வேஷ்டியும் மடித்த மடிப்புக்கு இணங்குபவை. ஆனால் அதே வரிசையில் நகைப்பெட்டி சதுரமாகவும், தேன் குப்பி உருளையாகவும், தேங்காய் உருண்டையாகவும், குத்துவிளக்கு எந்த வடிவத்திலும் அடங்காததாகவும் வந்து நிற்கின்றன.

அவர்களில் மூத்தவர், மற்றவர்கள் 'அக்கா' என்று அழைக்கும் அம்மையார், முதலில் பெட்டி ஒன்றை எடுத்தார். அளவுகோலைத் தொடாமல், நூல் ஒன்றைப் பெட்டியைச் சுற்றி ஓட்டி, இரண்டு விரற்கடை கூடுதலாக விட்டுக் கிள்ளி, அந்த நூலையே தாளின் மேல் வைத்து வெட்டினார். இரு பக்கங்களிலும் பெட்டியின் உயரத்தில் முக்கால் பங்குக்குமேல் தாள் நீளவிடவில்லை. நீண்டால் முனை மடிப்புகள் புடைத்துப்போகும் என்றார். பிறகு, வெட்டிய ஓரத்தை உட்புறமாக ஒரு மடிப்பு மடித்து, அந்த மடிப்பு பெட்டியின் அடிவிளிம்போடு பொருந்துமாறு ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் விளிம்பு நெடுக ஒரே இழுப்பாக இழுத்தபோது, தாள் பெட்டியோடு ஒன்றிப்போய், இணைப்பு எங்கே என்று தேடவேண்டியதாயிற்று. பலர் வீட்டில் செய்யும் பொட்டலத்தில் இணைப்பு நடுமுதுகில் கோணலாக ஓடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு மடிப்புத்தான்.

குப்பியின் இரு முனைகளையும் அவர் வேறு விதமாக அடைத்தார். முதல் மடிப்பை எவ்வளவு அகலம் எடுத்தாரோ அதே அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா மடிப்பையும் மையத்துக்குக் கொண்டுவந்து, கடைசி மடிப்பை முதல் மடிப்பின் அடியில் செருகி, நடுவில் வட்டத் தாள் ஒன்றை ஒட்டினார்.

தேங்காயைக் கையில் எடுத்ததும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. சமதளமான தாளை உருண்டையின்மேல் சுருக்கமோ கிழிசலோ இன்றிப் போர்த்துவது அசாத்தியம் என்பதை 1827-ல் காஸ் என்ற ஜெர்மானிய கணித மேதை நிரூபித்திருக்கிறார். பூமியின் படத்தைத் தாளில் வரைய முற்பட்டவர்கள் காலங்காலமாகத் திண்டாடியதும் இதனால்தான். அம்மையாரோ அந்தச் சுருக்கத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. மெல்லிய டிஷ்யூத் தாளின் மையத்தில் தேங்காயை நிறுத்தி, சுற்றிலும் எழுந்த சுருக்கங்களைப் புடவைக் கொசுவம் போல் விரலிடுக்கில் ஒவ்வொன்றாக நீவி எடுத்து, குடுமியின் கீழே நாடாவால் இறுக்கினார். “சுருக்கத்தை மறைக்கப் பார்த்தா அசிங்கமாத் தெரியும் ஐயா. எல்லாத்தையும் ஒரே அளவா வச்சுட்டா அதுவே அலங்காரம்” என்றார். நான் அன்று கேட்டவற்றுள் சாரமான வார்த்தை இது. இவர்கள் வேலையின் லட்சணம் முழுவதும் இதில் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

ஜப்பானியர் ஃபுரோஷிகி என்னும் சதுரத் துணியில் தர்பூசணியைக் கட்டும்போதும், அடுத்தடுத்த முனைகளை இரண்டிரண்டாக முடிந்து, ஒரு முடிச்சின் வளையத்தை மற்றொன்றின் அடியில் நுழைத்துக் கைப்பிடியாக்கி, உருண்டைக்கு உகந்தது துணியே என்று காட்டுகிறார்கள்.

கூடத்தின் மறுமூலையில், ஓர் இளம்பெண் பருப்புத் தேங்காய்க் கூடுகளுக்குத் தாள் உடுத்திக்கொண்டிருந்தாள். வெல்லப் பாகும் பொட்டுக்கடலையும் நிறைந்த அந்தக் கூம்புகள் எப்போதும் ஜோடியாக வைக்கப்படுபவை. எனவே ஒன்றின் தாள் வரி மற்றொன்றின் வரியோடு மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். கூம்புக்கு நீள்சதுரத் தாள் உதவாது. விசிறி வடிவில் வெட்டினால்தான் அடிவிளிம்பு சமமாக நிற்கும். அந்த வில்வளைவை அவள் பேனாவில் நூல் கட்டி வரைந்தாள். கண்பார்த்துக் கற்றதாகச் சொன்னாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்கு மனம் ஒப்பாத ஒன்று, எல்லாத் தட்டுகளையும் கடைசியில் மூடிவிடும் கண்ணாடித் தாள். 1908-ல் சுவிட்சர்லாந்துக்காரரான பிராண்டன்பெர்கர் உருவாக்கிய செல்லோஃபேன் மரக்கூழிலிருந்து பிறந்தது, மண்ணில் மக்கிவிடுவது. இன்று அதே பெயரில் கடைகளில் கிடைப்பதோ பெரும்பாலும் பிளாஸ்டிக். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கைத் தமிழக அரசு 1-1-2019 முதல் தடைசெய்த பிறகும், மங்கல காரியத்தின் மறுநாள் குப்பையில் மின்னிக்கொண்டு கிடப்பது இதுவே. வலைத்துணி போட்டால் ஆகாதா என்று கேட்டேன். ஆகும், ஆனால் படத்தில் பளபளப்பு வராது என்று வாடிக்கையாளர்கள் ஏற்பதில்லையாம்.

செட்டிநாட்டில் இந்தப் பிரச்சினைக்கு முன்னோர்கள் கண்ட வழி மிக உயர்ந்தது. பனங்குருத்தோலையை உலர்த்திக் கிழித்து, சாயமேற்றி முடைந்த கொட்டானில் பலகாரத்தையோ பழத்தையோ வைத்துச் சீராகக் கொடுத்தால், உறையும் பரிசில் ஒரு பாகமாகிவிடுகிறது. பெற்றவர் அதைக் கிழித்து எறிவதில்லை. ஒரு காலத்தில் ஆச்சிமார் வீட்டு முற்றத்தில் முடைந்த இக்கலை அருகிவந்தபோது, விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து அதைத் தழைக்கச் செய்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மாடிக்கூடத்துப் பெண்களுக்கு அப்படிப்பட்ட ஆதரவு ஏதுமில்லை. தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் இரவெல்லாம் விழிப்பு, ஆடியும் மார்கழியும் வந்தால் வெறுங்கை. சூட்டுப்பசை பட்ட தழும்பு இல்லாத விரல் அங்கே ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அந்த இரு மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, “புடவைக்கு ஃபால்ஸ் அடிப்போம், கொலுப் பொம்மைக்குத் துணி தைப்போம், கை சும்மா இருந்தா மடிப்பு மறந்து போயிடும் ஐயா” என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த தட்டுக்குரிய குத்துவிளக்கை மடிமேல் கிடத்தி அதன் கழுத்தை நூலால் அளக்கத் தொடங்கினார்.